மூன்றாவது வரியில் யார்?

அத்தியாயம் 14

அலிஸ்டரைத் தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான் மகன் ரோரி என்று போன வாரம் தெரிந்ததிலிருந்து, ரோனாவின் வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டன.

அலிஸ்டர் அவளுடைய முதல் கணவன். ரோரிக்கு ஏழு வயதாக இருந்தபோது, கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் வேலை என்று நார்வே பக்கம் போனவன். போனவன் போனவன்தான். பிறந்தநாள் வாழ்த்து அட்டை சில வருஷம் வந்தது, சில வருஷம் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் திரும்பி வந்து, பக்கத்து ஊரான மான்ட்ரோஸில் வீடு எடுத்துக்கொண்டு, பூனை போல இருந்தான். ரோரி அவனை ஒரு வருஷமாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் ரோனாவால் ஜீரணிக்க முடியாத விஷயம்.

'அந்த மனுஷனை வாசல்படி ஏற்றாதே' என்று ரோனாவுக்குப் புத்தி சொல்லி வாசகர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் காட்டியிருந்தால் ஒவ்வொரு கடிதத்தின் கீழும் அவளும் ஒரு கையெழுத்துப் போட்டிருப்பாள்.

அவளுடைய கோபம் அலிஸ்டர் விட்டுப் போனதற்காக மட்டும் இல்லை. அது டூகிக்காகவும்தான்.

டூகி என்கிற டக்ளஸ் மேர் இரண்டாவது கணவன். ஆர்ப்ரோத் துறைமுகத்தில் ஹேடக் மீனைப் புகைபோடும் கொட்டகை வைத்திருக்கிறான். ரோரிக்கு ஒன்பது வயதில் வந்தவன். பல் டாக்டரிடம் கூட்டிப் போனது, சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தது, முதல் காதல் முறிந்தபோது மூன்று நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கால்பந்து பார்த்தது எல்லாம் டூகிதான். ஆனால் ரோரி இன்றுவரை அவனை டூகி என்றுதான் கூப்பிடுகிறான். டூகியும் அதற்கு மேல் கேட்டதில்லை.

கல்யாணத்தன்று முன் வரிசையில், மணமகனுக்கு அப்பா என்று டூகிதான் நிற்க வேண்டும். ரோனாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு சென்காவிடமிருந்து போன் வந்தது. சென்கா பள்ளிக்கூடத் தோழி. ஊரில் பாதி மாப்பிள்ளைகள், கில்ட் என்கிற ஸ்காட்லாந்து மடிப்புப் பாவாடையை வாடகைக்கு எடுப்பது அவள் கடையில்தான். அதனால் ஊரில் பாதி ஆண்களின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம்.

"ரோனா, அஞ்சு மணிக்குள்ள கடைக்கு வந்துட்டுப் போடீ. உன் பையன் கல்யாணப் படிவத்துல மூணாவது வரி சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"போன்ல சொல்ற விஷயமில்ல. ரெண்டு ஆம்பளைங்களும் வந்து அளவு குடுத்துட்டுப் போயாச்சு. நீயே வந்து பாரு. இங்க கூட்டம் நிக்குது."

ரோனாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

சென்காவின் கடையில் ஒரு கல்யாணத்துக்கு ஒரே ஒரு படிவம். முதல் வரி மணமகன். இரண்டாவது மாப்பிள்ளைத் தோழன். மூன்றாவது, மணமகனின் தகப்பனார். நாலாவது, மணமகளின் தகப்பனார். இந்த நாலு பேருக்கும் ஒரே கட்டம் போட்ட கில்ட், ஒரே நிற டை, தோளில் போட அதே துணியில் ஒரு துண்டு. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் விருந்தினர் வரிகள். அவர்களுக்குக் கிடங்கில் எந்தக் கட்டம் இருக்கிறதோ அது. ஆண்கள் அவரவருக்கு ஒழிந்த நேரத்தில் வந்து அளவு கொடுத்து, தங்கள் வரியில் தங்கள் கையாலேயே பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். இன்று ஐந்து மணிக்குப் படிவம் கிளாஸ்கோ கிடங்குக்குப் போகிறது. போனபிறகு ஒரு பொத்தானைக்கூட மாற்ற முடியாது.

மூன்றாவது வரியில் எவன் தன் பெயரை எழுதியிருப்பான் என்று அவளுக்கா தெரியாது?

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் கொட்டகைக்குள் நுழைந்தாள். டூகி மீன்களை இரண்டிரண்டாக வாலைச் சேர்த்துக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

"கில்ட்டுக்கு எப்போ அளவு குடுத்தே?"

"செவ்வாக்கிழமை."

"எந்த வரியில பேர் எழுதினே?"

டூகி அடுத்த இரண்டு மீனை எடுத்தான். "ஏதோ ஒரு வரி. அவ பேனாவே சரியா எழுதல."

"டூகி!"

"இடுப்பு எவ்வளவுன்னு கேட்டா. முப்பத்தாறுன்னேன். நான் போடுற பேண்ட் அளவு அதுதானே? அவ டேப்பைக் கொண்டுவந்து தொப்புள் மேல வெச்சா. நாப்பத்திரெண்டு! 'மீதி ஆறு அங்குலத்தை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே டூகி'ன்னு கடை முழுக்கக் கேக்குற மாதிரி கேக்குறா."

ரோனா சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரித்துவிட்டாள்.

"பேச்சை மாத்தாதே. அந்த ஆளு உன் வரியில எழுதியிருந்தா நான் அதைக் கோடு போட்டு அடிச்சுட்டுத்தான் வருவேன்."

"விடு ரோனா. கல்யாணம் பையனோடது. அவன் கூப்பிட்டிருக்கான்."

"நீ இப்படி விட்டு விட்டுத்தான் எல்லாரும் உன் தலையில ஏறுறாங்க."

கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள். கடலிலிருந்து மூடுபனி எழும்பி, கரையோரத் தெருவில் எதிர்ப்பக்க வீடுகளை மறைக்க ஆரம்பித்திருந்தது. சென்காவின் கடை வரை நடக்கிற பத்து நிமிஷத்தில் அலிஸ்டரிடம் பேச வேண்டியதை மூன்று முறை ஒத்திகை பார்த்தாள். மூன்றாவது முறை பிரமாதமாக வந்தது.

ஒத்திகை வீண்போகவில்லை. அலிஸ்டரே கடையில் இருந்தான். அதுவும் கம்பளத்தின் மேல் முட்டி போட்டுக்கொண்டு.

"அசையாதே!" என்று அவனுக்குப் பின்னால் குனிந்திருந்த சென்கா அதட்டினாள். "ஓரம் தரையைத் தொட்டும் தொடாம இருக்கணும். வியாழக்கிழமை ஒழுங்கா முட்டி போட்டிருந்தா இன்னிக்கு மறுபடி வரவேண்டியிருக்காதில்ல?"

மாதிரிக்குக் கட்டியிருந்த கில்ட்டும், காலில் சாம்பல் நிற உறையுமாக இருந்த அலிஸ்டர் நிமிர்ந்து பார்த்தான். தலைமுடி போய்விட்டது. கண் மட்டும் ரோரியின் கண். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ரோனா."

"எழுந்திரு."

"முடியல. போன வருஷம் முட்டியில ஆபரேஷன்."

"இருபத்தோரு வருஷத்துக்கப்புறம் உன்னை முட்டி போட்டுப் பாக்குறேன். அதுவும் ஒரு டேப்புக்காக!"

வரிசையில் நின்ற இரண்டு பேர், சுவரில் மாட்டியிருந்த இடுப்புப் பைகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். சென்கா அவர்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் அவள் மட்டும் நகரவில்லை. இதை விட்டுவிட்டு எங்கே போவாள்?

"எந்த உரிமையில அந்த வரியில உன் பேரை எழுதினே?" என்றாள் ரோனா. "காய்ச்சல்ல அவன் கிடந்தப்போ நீ எங்கே இருந்தே? அந்த இடம் டூகியோடது. பத்தொன்பது வருஷமா சம்பாதிச்ச இடம்."

"நான் எழுதல."

"பொய் சொல்லாதே."

"எழுதலடீ அவன்" என்று சென்கா படிவத்தை மேசை மேல் திருப்பி வைத்தாள். "பாரு."

மூன்றாவது வரி காலியாக இருந்தது.

ரோனாவின் விரல் கீழே இறங்கியது. விருந்தினர் பகுதியில் ஒன்பதாவது வரியில், மீன் எண்ணெய்க் கறையோடு, டூகியின் கோணல் எழுத்து: டக்ளஸ் மேர். எல்லாருக்கும் கீழே, கடைசி வரியில், அலிஸ்டர் கெட்டிஸ்.

அவ்வளவு பிரமாதமாக வந்த ஒத்திகைக்கு இனி வேலையில்லை.

"தகப்பன் செத்துப் போயிருந்தா, காலமானார்னு எழுதி அனுப்பிடுவேன்" என்றாள் சென்கா. "இங்கே ரெண்டு பேரு குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க. நான் என்னன்னு எழுதட்டும்? காலியா அனுப்பினா கிடங்குல அந்தத் துணியை வேற கல்யாணத்துக்குக் குடுத்துடுவாங்க."

அலிஸ்டர் நாற்காலியைப் பிடித்து ஒருவழியாக எழுந்து நின்றான். "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் அங்கே எழுதுறது? டூகியோட பேரு கீழே இருந்ததைப் பாத்தேன். தெரியாம வரி மாறி எழுதிட்டான், சென்கா சரிபண்ணிடுவான்னு நெனச்சேன். எனக்குக் கடைசி நாற்காலி போதும் ரோனா. அவன் கல்யாணத்தைக் கண்ணால பாத்தா போதும்."

ரோனா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். மேசை மேல் இருந்த பேனாவை எடுத்தாள்.

சென்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்ஹூம். அவங்கவங்க எழுதணும், இல்ல மாப்பிள்ளை எழுதணும். அம்மாக்கள் எழுதக் கூடாது. அம்மாக்கள் எழுதவிட்ட காலத்துல, வராத மாமனுக்கெல்லாம் கில்ட் வந்து இறங்கிச்சு. ரோரிக்கு அப்பவே போன் பண்ணிட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, கதவு மணி அடித்தது. ரோரி தச்சுப்பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான். ஸ்வெட்டரில் மரத்தூள். அம்மாவையும் அப்பாவையும் ஒரே அறையில் பார்த்துத் திகைத்தவன், மேசைக்குப் போய்ப் படிவத்தைப் படித்தான். ஒருமுறை படித்தான். மறுபடி படித்தான்.

"மூணாவது வரி ஏன் காலியா இருக்கு?"

"ரெண்டு பேருமே விருந்தாளியா எழுதிட்டாங்க" என்றாள் சென்கா, அவளுக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில்.

ரோரியின் காது சிவந்தது. சின்ன வயதில் அழுகைக்கு முன்னால் அப்படித்தான் சிவக்கும்.

"அப்போ யாருக்கும் வேண்டாமா நான்?"

"ரோரி, அப்படியில்லடா..."

"வேற எப்படிம்மா? தட்டுல மிஞ்சின கடைசித் துண்டு கேக்கா நான்? நீ எடுத்துக்க, பரவாயில்ல நீ எடுத்துக்கன்னு ரெண்டு பேரும் மரியாதை பண்ணிக்கிறாங்க. கடைசியில தட்டு அப்படியே இருக்கு. இவருதான் ஏற்கெனவே ஒரு தடவை விட்டுட்டுப் போனவரு, சரி. டூகியுமா?"

"டூகி வந்திருக்கேன்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மனசு கேட்காமல் ரோனாவின் பின்னாலேயே வந்திருக்கிறான். வேலை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. அவனுக்கு முன்னால் அவனுடைய வாசனை கடைக்குள் வந்துவிட்டது.

"அங்கேயே நில்லு!" சென்கா கத்தினாள். "செவ்வாக்கிழமை நீ போட்டுப் பாத்த ஜாக்கெட்டு இன்னும் பின்னாடி கொடியில தொங்குது. உள்ளே வந்தே, நாலு கல்யாணம் மீன் நாத்தம் அடிக்கும்."

டூகி வாசல்படியிலேயே நின்றான். மூடுபனி அவன் முதுகுக்குப் பின்னால் சுவர் போல இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நீ நாலாவது படிக்கிறப்போ, எடின்பரோ மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போறோம்னு பள்ளிக்கூடத்துல ஒரு காகிதம் குடுத்தாங்க. அம்மா வேலைக்குப் போயிருந்தா. காலையில எட்டரை மணி. தகப்பனார் கையெழுத்துன்னு ஒரு கட்டம். நான் பேனாவை எடுத்தேன். நீ உன் கையை விரிச்சு அந்தக் கட்டத்து மேல வெச்சு மூடிட்டே. 'இது எங்கப்பாவோடது'ன்னே."

ரோரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னதுல தப்பே இல்ல" என்றான் டூகி. "ஆனா அன்னிலேர்ந்து அந்த மாதிரி கட்டத்துல நான் கை வைக்கிறதில்ல. செவ்வாக்கிழமை அந்த வரியைப் பாத்தேன். எழுதத்தான் போனேன். கை வரல. நீ அவரைக் கூப்பிட்டிருக்கே, அவருக்குன்னு வெச்சிருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன்."

ரோனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூட ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை, பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாவற்றிலும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். காகித வேலை என்றால் டூகிக்கு வணங்காது என்று பத்தொன்பது வருஷம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இது அவளுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

"எனக்கு அது ஞாபகமே இல்ல" என்றான் ரோரி.

"எனக்கு இருக்கு."

"ஒன்பது வயசுப் பையன் எதையோ உளறினா, அதைப் போய் இத்தனை வருஷமா தூக்கிக்கிட்டுத் திரிவியா? லூசா நீ?"

"இருக்கலாம்."

"அப்பவே என் கையைத் தட்டிவிட்டுட்டுப் போட்டிருக்கணும்."

"உன் கையை நான் எப்படித் தட்டிவிடுவேன்?"

சென்கா டேப்பைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

ரோரி பேனாவை எடுத்தான். ஒன்பதாவது வரியை ஒரு கோடு போட்டு அடித்தான். மூன்றாவது வரியில், பெரிய எழுத்தில், டக்ளஸ் மேர் என்று எழுதினான். எழுதிவிட்டுத் திரும்பி, "உள்ளே வா" என்றான்.

"நாத்தம்..." என்றான் டூகி, சென்காவைப் பார்த்து.

"தொலையட்டும், வா" என்றாள் சென்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தகப்பனாருக்குத் தோள்துண்டு உண்டு. தோள் அளவு எடுக்கணும். அந்த ஸ்வெட்டரைக் கழட்டு. ரோரி, அந்த ஏப்ரனைக் கொண்டுபோய் வெளியே எறி!"

டூகி உள்ளே வந்தான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. கொட்டகையில் என்றால் புகை என்று சொல்லித் தப்பித்துவிடுவான். இங்கே அதற்கும் வழியில்லை. ரோரி அவன் தலைவழியாக ஸ்வெட்டரை உருவினான். அது காதில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

ரோனா நாற்காலியைத் தேடினாள், உட்கார்ந்து நிம்மதியாக அழலாம் என்று. நாற்காலியில் மாதிரி கில்ட் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அலிஸ்டரைக் காணோம்.

அவள் படிவத்தைப் பார்த்தாள். கடைசி வரியின் மேல் ஒரு கோடு. ரோரி போட்ட கோடு இல்லை, நடுங்கின கோடு.

"அவனேதான் அடிச்சான்" என்று சென்கா முணுமுணுத்தாள். "ரோரி டூகியோட ஸ்வெட்டரைக் கழட்டிக்கிட்டிருந்தப்போ. பேண்ட்டை மாட்டிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டான். வேணாம்னு தலையை ஆட்டினான், நானும் வாயை மூடிக்கிட்டேன்."

இதைத்தானே ரோனா கேட்டாள்? ஒரு வாரமாகப் பாத்திரம் பாத்திரமாக இதற்குத்தானே மோதினாள்? டூகிக்கு அவன் இடம் கிடைத்தாயிற்று. அந்த மனுஷன் வரப்போவதில்லை. இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம்.

ரோரி இன்னும் கவனிக்கவில்லை. திரும்பினால் கவனிப்பான். கடைசி வரியைப் பார்ப்பான். காது மறுபடி சிவக்கும். அதை நினைத்த அடுத்த நொடி ரோனா தெருவில் இருந்தாள். கழற்றிப் போட்ட கோட்டு கடையிலேயே கிடந்தது.

மூடுபனியில் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. மான்ட்ரோஸ் பஸ்ஸின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அவள் ரோட்டைக் கடந்து ஓடினாள். ஒரு கார் ஹாரன் அடித்தது.

"அலிஸ்டர்!"

ஒரு காலைப் படியில் வைத்திருந்தவன் திரும்பினான்.

"உன் பேரை யாரு அடிக்கச் சொன்னா?"

"இதுதான் நல்லது ரோனா. நீயும் அதைத்தானே..."

"நான் ஆயிரம் சொல்வேன். நான் உன்னைக் கூப்பிடல, அவன் கூப்பிட்டான். போறதுன்னா அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டுப் போ. அன்னிக்கும் இப்படித்தான் பையைத் தூக்கிக்கிட்டு..."

மூச்சு வாங்கியது. அன்று அவள் மாடி ஜன்னலில் நின்றிருந்தாள். கீழே டாக்சியில் பையை ஏற்றியவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. ரோஷம் விடவில்லை, திரைச்சீலையை இழுத்துவிட்டாள். இதை அவள் டூகியிடம்கூடச் சொன்னதில்லை. தப்பு அவனுடையதுதான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை அவளிடம் பாக்கி இருந்தது. அவளுக்காக இல்லை, மேல்மாடியில் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழு வயதுப் பையனுக்காக.

"போகாதே" என்றாள்.

அலிஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, எதிர்ப்பக்கம் கடை வாசலைப் பார்த்தான். மூடுபனிக்குள் அங்கே யாரோ வந்து நிற்பது தெரிந்தது. ஒருவரா இருவரா என்று தெரியவில்லை.

"ஏறுறீங்களா, இறங்குறீங்களா?" என்றார் டிரைவர். "மணி அஞ்சாகப் போகுது."